இணையத்தில் நமக்கென்று ஒரு பர்சனல் பிராண்டை, அதாவது இவர் இந்த விஷயத்துக்கான ஆள் என்று மற்றவர்கள் மனதில் நிற்கும் பெயரை, போலித்தனம் இல்லாமலும் நடுவில் விட்டுவிடாமலும் வளர்ப்பது எப்படி?

கேள்வியில் இரண்டு ஆசைகள் இருக்கின்றன. போலியாக இருக்கக் கூடாது, தொடர்ச்சியும் வேண்டும். பலருக்கு இந்த இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. தினமும் ஏதாவது போட்டே ஆக வேண்டும் என்று உட்கார்ந்தால், சீக்கிரமே மனதில் இல்லாததையெல்லாம் எழுத வேண்டி வருகிறது. சரி, தோன்றும்போது மட்டும் எழுதுவோம் என்று விட்டால் மாதக்கணக்கில் சத்தமே இல்லை. என் பதில் இதுதான்: நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் வேலையிலிருந்து எழுதுங்கள். அந்த முட்டல் பெரும்பாலும் போய்விடும். உங்களைப் பற்றியே எழுத உட்கார்ந்தால் அது போகவே போகாது.

வேலைக்கு ஆள் எடுக்கும் பொறுப்பில் இருப்பதால் நிறைய ப்ரொஃபைல்களைப் படிக்கிறேன். நானும் என் துறையைப் பற்றிச் சொந்தத் தளத்தில் எழுதுகிறேன். அந்த இரண்டு பக்க அனுபவத்திலிருந்தும் சொல்கிறேன்.

தனிமனிதரும் ஒரு பிராண்ட்தான் என்ற பேச்சைப் பரவலாக்கியது, டாம் பீட்டர்ஸ் என்ற அமெரிக்க மேலாண்மை எழுத்தாளர் 1997-ல் ஃபாஸ்ட் கம்பெனி இதழில் எழுதிய கட்டுரை. அப்போது வேலை சார்ந்த சமூக வலைத்தளமான லிங்க்ட்இன் கிடையாது, அது வந்தது 2003-ல். ட்விட்டர் 2006-ல். அந்தக் கட்டுரையின் மையக் கேள்வி, நீங்கள் செய்யும் வேலையில் மற்றவர்களுக்கு என்ன பயன், அது எந்த வகையில் தனித்துத் தெரிகிறது என்பது. சமூக ஊடகங்கள் வந்த பிறகு அந்தக் கேள்வி பின்னால் போய், கம்பெனிகள் பொருளுக்குச் செய்கிற அலங்காரம் மட்டும் முன்னால் வந்துவிட்டது: ஒரே நிறம், ஒரே எழுத்துரு, ஒரு கவர்ச்சியான வரி. சோப்புக்கு அது சரி. ஒவ்வொரு பாக்கெட்டும் ஒரே மாதிரி இருந்தால்தான் அது நல்ல சோப்பு. மனிதர் ஐந்து வருடமாக ஒரே மாதிரி பேசிக்கொண்டிருந்தால் அவர் எதையும் கற்கவில்லை என்று அர்த்தம். போலித்தனம் தொடங்குகிற இடம் பெரும்பாலும் இதுதான். பொய் சொல்லும் எண்ணம் யாருக்கும் இருப்பதில்லை, பொருளுக்கான விதிகளைத் தன்மேல் போட்டுக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

முதலில் செய்ய வேண்டியது, மற்றவர்கள் எதற்காக உங்களைத் தேடி வருகிறார்கள் என்று பார்ப்பது. உங்கள் பழைய மெயிலையும் வாட்ஸ்அப்பையும் திறந்து, "ஒரு சந்தேகம்" என்று தொடங்கும் செய்திகளைத் தேடுங்கள். அதில் திரும்பத் திரும்ப வருவது எதுவோ அதுதான் உங்கள் பெயர். நீங்கள் விரும்புகிற பெயராக அது இல்லாமல் போகலாம். ஆனால் ஏற்கெனவே சம்பாதித்த பெயர் அது.

என் நண்பர் ஒருவர் சரக்குக் கிடங்கு நிர்வாகத்தில் இருக்கிறார். அவருடைய லிங்க்ட்இன் தலைப்பு வரி இப்படி இருந்தது: "தொலைநோக்குள்ள தலைவர் | மாற்றத்தின் முன்னோடி | சப்ளை செயின் ஆர்வலர்." இதை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், போட்டுக்கொண்டும் இருக்கிறார்கள். அவரிடம் வரும் சந்தேகங்களைப் பார்த்தோம். முக்கால்வாசி ஒரே விஷயம்: சிஸ்டத்தில் காட்டும் இருப்பும் ரேக்கில் இருக்கும் இருப்பும் ஒத்துப்போகவில்லை, ஏன்? அதற்கு அவர் சொல்லும் பதில்கள் பிரமாதமாக இருக்கும். பெட்டிக் கணக்கில் வந்ததை யாரோ பீஸ் கணக்கில் ஏற்றியிருப்பார்கள். திரும்பி வந்த சரக்கு ரேக்கில் ஏறியிருக்கும், என்ட்ரி போட்டிருக்க மாட்டார்கள். இருப்பு எண்ணுகிற நாளில் ஒரு பக்கம் எண்ணிக்கொண்டிருக்க, இன்னொரு பக்கம் லாரி ஏறிக்கொண்டிருக்கும். கடைசியில் அவருடைய வரி இப்படி மாறியது: "கிடங்கில் கணக்கும் கையிருப்பும் ஏன் ஒத்துப்போவதில்லை என்பதைப் பற்றி எழுதுகிறேன்."

இந்த ஒரு வரி மூன்று வேலைகளைச் செய்கிறது. படிப்பவருக்கு இவர் யார் என்று தெரிகிறது. அடுத்து என்ன எழுதுவது என்று இவருக்கே தெரிகிறது. எதைத் தொட வேண்டாம் என்பதும் தெரிகிறது. முன்பு காலை ஐந்து மணிக்கு எழுவதைப் பற்றியெல்லாம் அவர் போஸ்ட் போட்டுக்கொண்டிருந்தார், அது தானாக நின்றுவிட்டது. லிங்க்ட்இன் தலைப்புக்கு 220 எழுத்துகள் தருகிறது, எக்ஸ் தளம் (முன்பு ட்விட்டர்) சுயவிவரத்துக்கு 160, இன்ஸ்டாகிராம் 150. இவ்வளவு இடம் இருக்கிறதே என்று நிரப்ப வேண்டாம். மற்றவர்களின் போஸ்ட்டுக்குக் கீழே நீங்கள் கருத்து எழுதும்போது தலைப்பின் முதல் சில சொற்கள்தான் கண்ணில் படும். முக்கியமானது முன்னால் வரட்டும்.

இப்போது போலித்தனத்துக்கு வருகிறேன். உண்மையாக இருப்பது என்றால் எல்லாவற்றையும் கொட்டிவிடுவது என்று ஒரு எண்ணம் பரவியிருக்கிறது. அழுதபடி எடுத்த செல்ஃபி, வீட்டுச் சண்டை, மருத்துவ அறிக்கை எல்லாம் போட்டால்தான் அசல் மனிதர் என்று. இதை நான் ஏற்கவில்லை. எர்விங் காஃப்மன் என்ற சமூகவியலாளர் 1950-களிலேயே எழுதிவிட்டார்: மனிதர்கள் ஒவ்வொரு கூட்டத்தின் முன்னாலும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்கிறார்கள், மேடைக்கு முன்பக்கம் உண்டு, பின்பக்கமும் உண்டு. மேலதிகாரியிடம் ஒரு மாதிரியும் தங்கையிடம் வேறு மாதிரியும் பேசுவது வேஷம் ஆகாது, அது இயல்பு. சமூக ஊடகத்தில் உள்ள கஷ்டம், மேலதிகாரி, தங்கை, பழைய வகுப்புத் தோழர், முன்பின் தெரியாதவர் எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து நீங்கள் சொல்வதைக் கேட்கிறார்கள் என்பது. அதனால் எது வெளியே, எது உள்ளே என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்வது நல்லது. குழந்தைகளின் படம், உடன் வேலை செய்பவரின் குறை, வாடிக்கையாளரின் விவரம் இதெல்லாம் உள்ளே என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவைச் சாத்திக்கொள்வதில் பொய் எதுவும் இல்லை. திறந்து காட்டுகிற அறையில் இருப்பது நிஜமாக இருந்தால் போதும்.

அது நிஜமா என்று பார்க்க நான் ஒன்று செய்வேன். போஸ்ட் போடும் முன், அந்தச் சம்பவத்தில் கூடவே இருந்த ஒருவர், பக்கத்து சீட்டில் உட்காருகிறவர் என்றே வையுங்களேன், இதைப் படித்தால் என்ன நினைப்பார் என்று யோசிப்பேன். "ஆமாம், இப்படித்தான் நடந்தது" என்று தலையாட்டுவாரா, அல்லது "அப்படியா நடந்தது?" என்று புருவத்தைத் தூக்குவாரா? ஐந்து பேர் செய்த வேலையை "நான் செய்தேன்" என்று எழுதியிருந்தால் இந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும். ரயிலில் சந்தித்த பெரியவர் சொன்னதாக ஒரு தத்துவத்தை ஜோடித்திருந்தாலும் மாட்டிக்கொள்ளும்.

ஆள் எடுக்கும் மேசையிலிருந்து ஒரு உதாரணம். ஒரே வேலைக்கு விண்ணப்பித்த இருவரின் போஸ்ட்களை ஒரே நாளில் படித்தேன். ஒருவர், தன் குழு அமைத்த டாஷ்போர்டு (நிறுவனத்தின் எண்களை ஒரே திரையில் காட்டும் பக்கம்) "நிறுவனம் முடிவெடுக்கும் முறையையே புரட்டிப் போட்டது" என்று எழுதியிருந்தார். மற்றவரும் டாஷ்போர்டு பற்றித்தான் எழுதியிருந்தார். ஆனால் அதை யாருமே திறக்கவில்லை என்று தொடங்கி, ஏன் என்று விசாரித்ததைச் சொன்னார். மேலாளர்கள் காலைக் கூட்டத்துக்கு நடந்துபோகும்போது போனில்தான் எண்களைப் பார்ப்பார்களாம், இவர்களோ பெரிய திரைக்காகப் பன்னிரண்டு வரைபடங்களை அடுக்கியிருந்தார்கள். மூன்று எண்களை மட்டும் தினமும் காலையில் மெயிலில் அனுப்பத் தொடங்கிய பிறகு ஆட்கள் பதில் போட ஆரம்பித்தார்கள் என்று முடித்திருந்தார். நேர்முகத்தில் முதலாமவரிடம் என்ன கேட்பது என்றே எனக்குத் தெரியவில்லை. இரண்டாமவரிடம் கேட்கக் கேள்விகள் வரிசையாக வந்தன. அந்த மூன்று எண்களை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதிலேயே பாதி நேரம் போனது. நம்பகத்தன்மை என்று எல்லோரும் தேடுவது இப்படிப்பட்ட விவரத்தில்தான் இருக்கிறது. விவரத்தை ஜோடிப்பது கஷ்டம். உணர்ச்சியை ஜோடிப்பது ரொம்ப சுலபம்.

ஏஐ கருவிகளை வைத்து எழுதலாமா என்றும் இப்போது கேட்கிறார்கள். எழுத்துப் பிழை பார்க்க, நீளத்தைக் குறைக்க, தாராளமாக. ஆனால் அந்த மூன்று எண்கள் அதற்குத் தெரியாது. நீங்கள் சொன்னால்தான் தெரியும். சொல்ல ஒன்றும் இல்லாமல் எழுதித் தரச் சொன்னால், அதே கேள்வியைக் கேட்ட ஆயிரம் பேருக்குக் கொடுத்ததையே உங்களுக்கும் கொடுக்கும்.

தொடர்ச்சிக்கு வருவோம். தினமும் போட வேண்டுமா என்றால், என் கணக்கில் தேவையில்லை. ராபர்ட் ஸயன்ஸ் என்ற உளவியலாளர் 1968-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அர்த்தம் தெரியாத சொற்கள், முகப் படங்கள் போன்றவற்றை அடிக்கடி பார்த்தாலே ஆட்களுக்கு அவற்றின் மேல் கொஞ்சம் பிடிப்பு வந்துவிடுகிறது. தினமும் கண்ணில் படுங்கள் என்ற அறிவுரைக்குப் பின்னால் இருப்பது இந்த எண்ணம்தான். ஆனால் பழகிய முகம் வேறு, நம்பிக் கேட்கும் ஆள் வேறு. கணினிப் பாதுகாப்பு பற்றி எழுதும் புரூஸ் ஷ்னையர் 1998-லிருந்து மாதம் ஒரு மின்னஞ்சல் இதழ் அனுப்பிவருகிறார். அவர் பேர் சொன்னாலே அந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். இதழ் மாதத்துக்கு ஒன்றுதான். மாதம் தவறாமல் வருவதுதான் அதன் பலம்.

ஆகவே வேகத்தை உங்கள் மோசமான வாரத்தை வைத்து முடிவு செய்யுங்கள். உடம்பு சரியில்லை, வேலை தலைக்கு மேல், வீட்டில் விருந்தாளிகள். அந்த வாரத்திலும் உங்களால் என்ன முடியுமோ அதுதான் உங்கள் வேகம். மாதம் இரண்டு என்றால் இரண்டு. உற்சாகமான வாரத்தில் நான்கு எழுத முடிந்தால் எழுதி வையுங்கள், எல்லாவற்றையும் அப்போதே போட வேண்டாம்.

தோற்றத்தில் ஒற்றுமை வேண்டாமா? வேண்டும், ஆனால் அது வேலையிலிருந்து வந்தால் நிற்கும். சல்மான் கானைப் பாருங்கள், நடிகர் இல்லை, இணையத்தில் இலவசமாகப் பாடம் சொல்லித்தரும் கான் அகாடமியை நிறுவியவர். 2004-ல் தூரத்தில் இருந்த உறவுக்காரச் சிறுமிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார், உறவுக்காரப் பிள்ளைகள் அதிகமானதும் 2006-ல் யூடியூபில் வீடியோ போட ஆரம்பித்தார். கறுப்புப் பின்னணி, வண்ணக் கோடுகளில் கையெழுத்து, குரல் மட்டும், முகம் தெரியாது. கணக்குச் சொல்லிக்கொடுக்க அதுவே போதுமானதாக இருந்தது. அதுவே ஒரு நொடியில் அடையாளம் தெரிகிற பாணியாகிவிட்டது. உங்களுக்கும் எது வசதியோ அதையே திரும்பத் திரும்பச் செய்யுங்கள். எல்லாத் தளத்திலும் ஒரே பெயர், ஒரே முகப் படம் இருக்கட்டும், அதற்கு மேல் அலங்காரம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்: சொந்தமாக ஒரு டொமைன் பெயர், அதாவது உங்கள் தளத்துக்கென்று ஒரு இணைய முகவரி. ஆர்குட் என்ற சமூக வலைத்தளம் 2014 செப்டம்பரில் மூடப்பட்டது. அதேபோன்ற கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் போய்விட்டது. ட்விட்டர் 2023-ல் பெயரையே மாற்றிக்கொண்டது. மூடப்பட்ட தளங்களில் வருடக்கணக்கில் சேர்த்த ஆட்களை யாராலும் மூட்டை கட்டி எடுத்துவர முடியவில்லை. நல்லதாக எழுதியதை முதலில் உங்கள் தளத்தில் போட்டு, பிறகு மற்ற இடங்களில் பகிருங்கள். படிப்பவர்களின் மின்னஞ்சல் முகவரிகளை, அவர்கள் சம்மதத்தோடு, ஒரு பட்டியலாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கணக்குகளுக்கும் இரண்டு கட்டப் பாதுகாப்பு, அதாவது கடவுச்சொல்லோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்கிற ஏற்பாடு, போடுங்கள். உங்கள் பெயரில் வேறு யாரோ முதலீட்டு விளம்பரம் போட்டால், வருடக்கணக்கில் சம்பாதித்தது ஒரு ராத்திரியில் போய்விடும்.

பணம் வாங்கிக்கொண்டு எதையாவது பரிந்துரைத்தால் அதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். பணம் வாங்கியதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பதை அமெரிக்காவில் மத்திய வர்த்தக ஆணையம் விதியாகவே வைத்திருக்கிறது, பல நாடுகளில் இதுபோல் உண்டு. விதி இல்லாத ஊரிலும் சொல்லுங்கள்.

கருத்து மாறினால் என்ன செய்வது, அப்போது பிராண்ட் குலைந்துவிடாதா என்ற பயம் பலருக்கு இருக்கிறது. குலையாது, ஆனால் சத்தமில்லாமல் அழிக்கக் கூடாது. பழைய போஸ்ட்டை அப்படியே வைத்து, அதன் தலையில் தேதி போட்டு, இப்போது என்ன நினைக்கிறீர்கள், எதைப் பார்த்து மாறினீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். அதைப் படிக்கிறவருக்கு, நாளைக்கு நீங்கள் இன்னொன்றைச் சொல்லும்போது அதுவும் ஆதாரத்தோடுதான் இருக்கும் என்று தெரியும். துறை மாறினாலும் இதே வழிதான். கிடங்கு நண்பர் நாளைக்கு மென்பொருள் பக்கம் போனால், இருப்புக் கணக்கு ஏன் பிசகுகிறது என்பதை அந்த மென்பொருள் எப்படிப் பார்க்கிறது என்று முதலில் எழுதலாம். பழைய வாசகர் கூடவே வருவார்.

எவ்வளவு காலம் ஆகும் என்றால், ஃபாலோயர் எண்ணிக்கையை வைத்து அளக்காதீர்கள், அது மேலும் கீழும் போகும். முதல் அறிகுறி வேறு: முன்பின் தெரியாத ஒருவர், நீங்கள் எழுதிய குறிப்பிட்ட ஒரு விஷயத்தைச் சொல்லி, தன் வேலையில் உள்ள சிக்கலை உங்களிடம் கேட்பார். அப்படி வந்தால் அவருக்குத் தனியாக, முழுதாகப் பதில் அனுப்புங்கள். பிறகு அவருடைய அனுமதியோடு, பெயரும் நிறுவனமும் தெரியாதபடி மாற்றி, அதையே அடுத்த போஸ்ட்டாக எழுதுங்கள்.