புயல் முகாமும் பூட்டிய கழிவறையும்

கேள்வி: வேதாரண்யம் பக்கத்துக் கடலோரக் கிராமம் எங்களுடையது. போன முறை புயல் எச்சரிக்கை வந்தபோது பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். இருட்டில் கழிவறைக்குப் போகப் பயந்து நானும் 14 வயது மகளும் இரண்டு நாள் சரியாகத் தண்ணீரே குடிக்கவில்லை. அவளுக்கு மாதவிலக்கு வேறு. கணவர் வளைகுடாவில் இருக்கிறார். அடுத்த முறை வீட்டிலேயே இருந்துவிடலாமா?

பதில்: கூடாது. உங்கள் வீடு ஓட்டு வீடா, கீற்று வீடா என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டுக்கும் என் பதில் ஒன்றுதான். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியதைப் பார்த்த ஊர்க்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. முகாமுக்குப் போகத்தான் வேண்டும். ஆனால் அந்த முகாமைப் புரட்டாசியிலேயே போய்ப் பார்த்துவிட வேண்டும். காற்று வீசத் தொடங்கியபின் யாரும் உங்கள் பேச்சைக் கேட்கமாட்டார்கள்.

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016-இல் முகாம்களுக்கான குறைந்தபட்ச வசதிகளை வகுத்திருக்கிறது. 30 பேருக்கு ஒரு கழிவறை, அதுவும் 50 மீட்டருக்குள், பெண்களுக்குத் தனியாக. அப்படியானால் 300 பேர் தங்கும் பள்ளிக்கு 10 வேண்டும். நான் பார்த்த பள்ளிகளில் நான்கு இருந்தாலே அதிசயம். அதிலும் இரண்டு ஆசிரியர்களுக்கென்று பூட்டியிருக்கும். சாவி தலைமையாசிரியர் வீட்டில். அவர் வீடு பக்கத்து ஊரில்! தூண்கள்மேல் புதிதாகக் கட்டிய பாதுகாப்பு மையங்களிலும் இதே சாவிக் கதையைக் கேட்டிருக்கிறேன். கட்டடத்துக்குக் கோடிகளை ஒதுக்கத் தெரிந்த நிர்வாகம், கழன்றுபோன ஒரு தாழ்ப்பாளை மாற்ற மூன்று மேசைக்குக் கோப்பை அனுப்புகிறது.

ஆகவே உங்கள் சுயஉதவிக் குழுவில் நான்கைந்து பேர் சேர்ந்து கிராம நிர்வாக அலுவலரை அழைத்துக்கொண்டு போய்க் கட்டடத்தைத் திறக்கச் சொல்லுங்கள். கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் நிற்கிறதா என்று நீங்களே பாருங்கள். குழாயில் தண்ணீர் வருகிறது என்று காட்டுவார்கள். மோட்டார் மின்சாரத்தில் ஓடுகிறது. புயலில் முதலில் போவது மின்சாரம். டிரம்களில் நிரப்பிவைப்பது யார் பொறுப்பு என்று கேளுங்கள். விளக்கும் அப்படித்தான், சூரிய ஒளி விளக்கோ டார்ச்சோ வேண்டும். சாவி ஒன்று ஊரிலேயே, ஒரு பெண்ணின் கையில் இருக்கட்டும். ஒரு வகுப்பறையைப் பெண்களுக்கென்று ஒதுக்கச் சொல்லுங்கள். இத்தனையையும் மனுவாக எழுதி, திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

நாப்கின் தர வேண்டும் என்பதும் வழிகாட்டுதலில் இருக்கிறது. அது வந்து சேர்வதற்குள் மகளின் விலக்கு நாட்களே முடிந்துவிடும். உங்கள் பையிலேயே நாப்கினும் பழைய பருத்தித் துணியும் செய்தித்தாளும் வைத்துக்கொள்ளுங்கள். நிறைமாதக் கர்ப்பிணிகள் முகாமுக்கே வரவேண்டாம். கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லி முன்னதாகவே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

இனி முக்கியமானது. முகாம் வாசலில் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு நிற்பார். "ஆதார் நகலைக் கொடும்மா, இதில் ஒரு கையெழுத்து போடு, நிவாரணத்தை நான் வாங்கித் தருகிறேன்" என்பார். அதிகாரியைத் தெரியும் என்பார். கொடுக்காதீர்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து போடவே போடாதீர்கள். பதிவேடு அரசு ஊழியரிடம்தான் இருக்கும். அதில் உங்கள் பெயரை உங்கள் பெயராகவே எழுதச் சொல்லுங்கள். ஊரில் இல்லாத கணவரின் பெயருக்குக் கீழே "மனைவி" என்று எழுதவிடாதீர்கள். 2004 சுனாமிக்குப் பின் மீனவ ஊர்களில் நிவாரணம், ஊர்ப் பஞ்சாயத்து குடும்பங்களிடம் வாங்கும் வரியின் கணக்குப்படி பிரிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் தலைக்கட்டு, அதாவது வரி கட்டும் குடும்பத்தலைவர், ஆண்தான். கைம்பெண்களும் கணவன் விட்டுப்போனவர்களும் பல இடங்களில் கணக்கிலேயே வரவில்லை.

உங்களுக்குப் பொருந்தாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் தெருவில் யாருக்காவது உதவும். கடலுக்குப் போன கணவர் திரும்பாவிட்டால்? புயலில் கணவரை இழந்தவருக்கு அதைக் குறிப்பிட்டு 15 நாளில் சான்று தர வேண்டும் என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது. உடல் கிடைக்காவிட்டால் மட்டும், இறந்ததாகச் சான்று தர அலுவலகம் ஏழாண்டு காத்திருக்கச் சொல்லும். சட்டத்தில் அப்படி இருப்பது உண்மைதான். ஆனால் 2017-இல் ஒக்கி புயலில் காணாமல்போன மீனவர்களுக்கு அந்தக் காத்திருப்பு தளர்த்தப்பட்டது. அதைச் சொல்லிக் கேளுங்கள். அதற்கு முன், காணவில்லை என்ற புகாரைக் காவல் நிலையத்தில் பதிவுசெய்து நகல் வாங்குங்கள். மீன்வளத் துறைக்கும் எழுதிக் கொடுங்கள். "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று படகுக்காரர் சொன்னால் அதை நம்பி ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். புகார் தாமதமானால் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, பெண்கள் உதவி எண் 181. கைபேசி அணைந்துவிடும், இரண்டையும் ஒரு தாளில் எழுதிப் பையில் வையுங்கள். இரவில் கழிவறை பூட்டியிருந்தால் 1077-ஐ அழையுங்கள். அழைத்த நேரத்தையும் பேசியவர் பெயரையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.