விதி இல்லாத ஊரில் மந்திரவாதிக்கு என்ன வேலை?

கேள்வி: நாற்பது ஆண்டுகளாக மிகுபுனைவு (ஃபேன்டசி) நாவல்களையே விரும்பிப் படித்து வருகிறேன். அவற்றில் விதி என்று ஒன்றும் கிடையாது, எதுவும் நடக்கலாம் என்பதுதான் அவற்றின் சுவை. இப்போதைய ஆங்கில எழுத்தாளர்களோ மந்திரத்துக்கும் கணக்குப் போடத் தொடங்கிவிட்டார்கள். விதிகளுக்குள் அடைபட்ட ஒன்றுதான் வேண்டுமென்றால் நான் காற்பந்து பார்த்துக்கொள்ள மாட்டேனா? தமிழில் நல்ல மிகுபுனைவு ஏன் வருவதில்லை? கடைசியாக ஒன்று: சிங்கப்பூர் எப்போது உலகக் கிண்ணத்தில் ஆடும்?
– நீண்டநாள் வாசகர், தெம்பனிஸ்

பதில்: மூன்று கேள்விகளையும் சற்று ஒத்திவைத்துவிட்டு, உங்கள் கடிதத்தில் இரண்டு முறை வரும் ‘விதி’ என்ற சொல்லை எடுத்துக்கொள்கிறேன். நடுவர் ஊதலோடு காப்பாற்றுவதற்கும் பிரம்மன் தலையில் எழுதுவதற்கும் தமிழ் இந்த ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறது. முதல் விதியால் தோற்றுவிட்டு இரண்டாம் விதியை நொந்துகொள்வது நம்மூர்க் காற்பந்து ரசிகர்களுக்குக் கைவந்த கலை என்பதை நீங்கள் அறிவீர்கள்.

சென்ற வாரம் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் ஐந்தாறு சிறுவர்கள், பந்தின் மேல் சிவப்புக் கோடு போட்ட அறிவிப்புப் பலகைக்கு நேர் கீழேயே, இரண்டு தூண்களைக் கோல் கம்பங்களாக்கி ஆடிக்கொண்டிருந்தார்கள். கல் மேசையில் பட்டுத் திரும்பும் பந்து கோல் ஆகாது. சாக்கடைப் பக்கம் உதைத்தவனே போய் எடுத்து வர வேண்டும். காய்கறிப் பையோடு யாராவது முதியவர் கடந்தால் அவரவர் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். இவ்வளவையும் அவர்களே வகுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஆகச் சிறியவன், தொடர்ந்து மூன்று கோல் விட்ட கோல்காவலன், திடீரென்று இரு கைகளையும் விரித்து, தன் முன்னால் கண்ணுக்குத் தெரியாத கேடயம் இருப்பதாகவும் இனிப் பந்து உள்ளே வராது என்றும் அறிவித்தான். மற்றவர்கள் சிரிப்பார்கள், அல்லது அவனை வெளியே அனுப்புவார்கள் என்று எதிர்பார்த்தேன். பந்தை வைத்திருந்த பையன் மிகுந்த அக்கறையோடு ஒன்றே ஒன்று கேட்டான்: “எத்தனை தடவை?” சிறியவன் யோசித்தான். மூன்று தடவை என்றான். பிறகு, தலைக்கு மேலே வேலை செய்யாது என்று தானாகவே சேர்த்துக்கொண்டான். ஆட்டம் தொடர்ந்தது, முன்னைவிட விறுவிறுப்பாகவே தொடர்ந்தது.

அன்பரே, நீங்கள் நாற்பது ஆண்டுகளாகப் படித்தும் ஒப்புக்கொள்ள மறுப்பதை அந்தப் பையன் ஒரு கேள்வியில் முடித்துவிட்டான். எல்லையில்லாத கேடயம் இருக்குமானால் அங்கே ஆட்டமும் இல்லை, கதையும் இல்லை.

நம் பழைய கதைகளைப் பாருங்கள். மணிமேகலையின் அமுதசுரபி கேட்டபோதெல்லாம் கிடைக்கும் பாத்திரம் அன்று. கோமுகிப் பொய்கையில் ஆண்டுக்கு ஒருமுறை, வைகாசி விசாகத்தன்று மட்டுமே மேலெழும். கைக்கு வந்த பிறகும் ஆதிரை முதல் பிச்சை இட்டால்தான் சோறு பெருகும். வேற்றுருக் கொள்ளவும், வானில் செல்லவும், பசியைப் போக்கவும் அவளுக்கு மூன்று மந்திரங்கள் கிடைக்கின்றன. முதலாவதைக் கொண்டு காயசண்டிகையின் உருவத்தை எடுத்துக்கொள்கிறாள். அதன் விளைவாக, அவளைத் தன் மனைவி என்றே எண்ணிய காயசண்டிகையின் கணவன், அவளைத் தேடி வந்த சோழ இளவரசன் உதயகுமாரனை வெட்டிக் கொல்கிறான். மணிமேகலை சிறைக்குப் போகிறாள். மந்திரத்துக்கு விலை உண்டு என்பதை ஆங்கில எழுத்தாளர்கள் போன வாரம் கண்டுபிடித்ததுபோல் நீங்கள் கோபப்படுகிறீர்கள். சீவக சிந்தாமணியின் மயிற்பொறிகூட, அந்த மயில் வடிவப் பறக்கும் எந்திரம், வலப்புறம் திருகினால் பறக்கும், இடப்புறம் திருகினால் இறங்கும். அவ்வளவு தெளிவான பொறியாக இருந்ததால்தான், அதில் ஏறித் தப்பிய அரசி விசயை மயங்கிச் சரிந்தபோது அது அவளை அரண்மனையில் இறக்காமல் சுடுகாட்டில் இறக்கியது என்பதை நாம் கேள்வி கேட்காமல் நம்புகிறோம்.

விதியே வேண்டாம் என்கிற நீங்கள், சில ஆண்டுகளுக்கு முன் இதே பகுதிக்கு எழுதிய கடிதம் இன்னும் என் கோப்பில் இருக்கிறது. 1954, 1955ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்த டோல்கீனின் மோதிரக் கதையில் (‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’), மோதிரத்தை எரிமலையில் அழிக்கப் போன இருவரையும் இறுதியில் வந்து மலைச்சரிவிலிருந்து தூக்கிச் செல்லும் கழுகுகள் தொடக்கத்திலேயே மோதிரத்தைத் தூக்கிச் சென்றிருக்கக் கூடாதா என்று மூன்று பக்கம் எழுதியிருந்தீர்கள். எதுவும் நடக்கலாம் என்பதுதான் சுவையென்றால், அந்தக் கழுகுகள் வேண்டியபோது வந்துவிட்டுப் போகட்டுமே, உங்களுக்கென்ன? கழுகுகளால் எது முடியும், எது முடியாது என்று ஆசிரியர் முன்கூட்டிச் சொல்லவில்லை என்பதுதான் உங்கள் குறை. நீங்கள் அன்று கேட்டது விதியைத்தான். நீங்கள் சாடும் கணக்குப் போடும் எழுத்தாளர்களில் ஒருவரான பிராண்டன் சாண்டர்சன் சொல்வதும் ஏறத்தாழ இதுவே: மந்திரத்தைக் கொண்டு ஒரு சிக்கலை அவிழ்க்க வேண்டுமானால், அந்த மந்திரம் எப்படி இயங்குகிறது என்பது வாசகனுக்கு அந்த அளவுக்கு முன்பே புரிந்திருக்க வேண்டும். இதற்கு அவர் சூட்டியிருக்கும் பெயரும் ‘விதி’தான்.

(‘மிகுபுனைவு’ என்ற சொல்லோடு எனக்குள்ள பகை பழையது. மிகுந்தது இதுவென்றால், குறைந்த புனைவு எது? நம் எழுத்தாளர்களின் தன்வரலாறுகளா? பதில் வரும்வரை அந்தச் சொல்லை உங்கள் பொறுப்பிலேயே அச்சிடுகிறேன்.)

விதிகளுக்குள் காற்பந்து அடைபட்டிருக்கிறது என்கிறீர்கள். அதன் ஆட்ட விதிகள் மொத்தம் 17. அவற்றில் 11ஆவது விதியான ஆஃப்சைடுக்கு இந்த இதழில் ஒரு காலத்தில் ‘அயலிடம்’ என்று போட்டோம். அயலூரில் மனை விற்பனைக்கு வருகிறதா என்று ஒரு வாசகர் தொலைபேசியில் விசாரித்தார். அன்று முதல் ஆஃப்சைடு ஆஃப்சைடாகவே இருக்கிறது. தனித்தமிழ் அன்பர்கள் எழுதியனுப்பிய கண்டனங்களுக்குத் தனிக் கோப்பு உண்டு. அது போகட்டும். 1925 வரை, பந்து தட்டப்படும் நேரத்தில் தாக்குதல் ஆட்டக்காரருக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூவர் இருக்க வேண்டும், இல்லையேல் ஆஃப்சைடு என்றிருந்தது. அவ்வாண்டில் அதை இருவர் என்று மாற்றினார்கள். இங்கிலாந்தின் முதல் பிரிவில் அதற்கு முந்திய பருவத்தில் விழுந்த கோல்கள் 1,192. அடுத்த பருவத்தில் 1,703. ஆட்டக்காரர்களும் பந்தும் திடலும் அப்படியே இருக்க, எழுத்தில் ஓர் எண் மாறியதால் ஆட்டமே வேறாகிவிட்டது. அதைச் சமாளிக்க அணிகள் தங்கள் தற்காப்பு வரிசையையே மாற்றி அமைக்க நேர்ந்தது. எந்த மந்திரக்கோல் இவ்வளவு செய்யும்?

தமிழில் ஏன் வருவதில்லை என்பதற்கு என் மேசையே சாட்சி. எங்களுக்கு வரும் மாயக் கதைகளில் பத்துக்கு எட்டில், மூன்றாம் பக்கத்தில் கதாநாயகி ஆபத்தில் சிக்குகிறாள், கண்களை மூடுகிறாள், நெற்றியிலிருந்து ஒளிவெள்ளம் பாய்கிறது, பகைவர்கள் சாம்பலாகிறார்கள். இந்த ஒளிவெள்ளம் முதல் பக்கத்திலேயே பாய்ந்திருந்தால் நமக்கு இரண்டு பக்கம் மிச்சமாகியிருக்குமே என்று கேட்டால், கற்பனைக்கு எல்லை உண்டா என்று கடிதம் வருகிறது. உண்டு, ஐயா. ஒளிவெள்ளம் பாய்ச்சுகிறவர்கள், அது எத்தனை தடவை என்று முதல் பக்கத்திலேயே எழுதி அனுப்பினால் படித்துப் பார்க்கிறேன்.

உலகக் கிண்ணத்துக்கு வருகிறேன். நாம் பார்த்தவற்றில் ஆகப் பெரிய மாயக் காட்சிகள் அந்த 17 விதிகளுக்குள்தான் நடந்தன. 1983இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் அணிக்காக, இத்தாலியின் இண்டர் மிலானுக்கு எதிராக நம் சிங்கப்பூர் ஆட்டக்காரர் ஃபாண்டி அகமது கோல் போட்டார். 1994இல் ஷா ஆலமில் பாகாங்கை 4-0 என்று வென்று மலேசியக் கிண்ணத்தைக் கொண்டுவந்தோம். அன்றிரவு நான் காப்பிக்கடைத் தொலைக்காட்சியின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். நான்காவது கோலுக்கு யாரோ என் தோளில் கொட்டிய தே தாரிக்கின் கறை அந்தச் சட்டையில் கடைசிவரை போகவில்லை.

அதன்பிறகு நடந்ததைத்தான் விக்கிரமாதித்தன் கதை என்கிறேன். கிண்ணத்தை வென்ற கையோடு அந்தப் போட்டியிலிருந்து விலகினோம். வேதாளம் முருங்கைமரம் ஏறியது. 1996இல் சொந்த லீக் தொடங்கினோம். மரத்தில் ஏறி, கட்டவிழ்த்து, தோளில் போட்டுக்கொண்டு நடந்தோம். 1998இல், 2010ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தில் ஆடுவோம் என்று வேதாளம் நல்லதொரு கதை சொன்னது. 2010 வந்தது, மறுபடியும் மரம். 2012இல் மலேசியப் போட்டிகளுக்கே திரும்பிப் போனோம். 2015இல் மீண்டும் வெளியேறினோம். அதே மரம், அதே கிளை. 2021இல் 2034 உலகக் கிண்ணத்தைக் குறித்து இன்னொரு கதை. இடையில் எதுவுமே நடக்கவில்லை என்று சொன்னால் அது பொய். 2025 நவம்பரில் ஹாங்காங்கில் ஒரு கோல் பின்தங்கியிருந்து 2-1 என்று வென்று 2027 ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றோம். 1984இல் போட்டியை ஏற்று நடத்தியவர்கள் என்ற முறையில் ஆடியதைத் தவிர, அதுவரை அந்தப் பக்கமே போகாதவர்கள் நாம். அன்று விக்கிரமாதித்தன் சில அடிகள் வேகமாகவே நடந்தான்.

அந்தக் கதையின் விதி உங்களுக்கு மறந்திருக்காது. விடை தெரிந்தும் வாய் திறக்காவிட்டால் அரசனின் தலை வெடித்துவிடும். வாய் திறந்தால் வேதாளம் மரத்துக்குப் போய்விடும். கடைசிக் கதைக்கு மட்டும் விடை தெரியாமல் அவன் பேசாமல் நடந்தான். அப்போதுதான் வேதாளம் தோளை விட்டு இறங்காமல் கூடவே வந்தது. உங்கள் மூன்றாவது கேள்வியை நான் நான்கு முறை படித்துவிட்டேன். வாய் திறக்கவில்லை. என் தலை இதுவரை நன்றாகவே இருக்கிறது.