கொரோனாவும் கல்லீரலும்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

கேள்வி: என் கணவருக்கு வயது 46. சொந்தமாகத் தறி வைத்திருக்கிறோம். சென்ற மாதம் அவருக்குக் காய்ச்சல் வந்து, பரிசோதித்ததில் கொரோனா என்றார்கள். வீட்டிலேயே இருந்து ஒன்பது நாளில் தேறிவிட்டார். ஆனால் அப்போது எடுத்த இரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.ஓ.டி. 84, எஸ்.ஜி.பி.டி. 96 என்று வந்திருக்கிறது. கல்லீரல் கெட்டுவிட்டது என்று பார்ப்பவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். அவருக்குக் குடிப்பழக்கம் கிடையாது. அவர் சாப்பிட்ட மாத்திரை அட்டைகளையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.
- வாசகி, குடியாத்தம்

பதில்: மாத்திரை அட்டைகளையும் சேர்த்து அனுப்பியது மிகவும் நல்லதாகப் போயிற்று, அம்மா. உங்கள் கேள்விக்கான விடையில் பாதி அவற்றில்தான் இருக்கிறது.

நீங்கள் குறிப்பிட்டிருக்கும் இரண்டும் கல்லீரல் செல்களுக்குள் இருக்க வேண்டிய நொதிகள். செல்கள் அடிபடும்போது அவை இரத்தத்தில் கசியும். வழக்கமாக 40 வரை இருக்கலாம் என்று வைத்துக்கொண்டால், உங்கள் கணவருக்கு இரண்டு மடங்கு அளவில் ஏறியிருக்கிறது. கொரோனாவில் இது அடிக்கடி காணப்படுவதுதான். 2020-இல் வெளிவந்த தொடக்க கால ஆய்வுகளிலேயே, மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களில் 14 முதல் 53 சதவீதம் வரையானவர்களுக்கு இந்த நொதிகள் கூடியிருந்ததாகப் பதிவாகியிருக்கிறது. பெரும்பாலோருக்கு அது லேசான ஏற்றமாக இருந்து, நோய் தணிந்ததும் தானே இறங்கிவிடுகிறது. ஆகவே இந்த எண்களை மட்டும் வைத்துக் கல்லீரல் கெட்டுவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது.

நுரையீரலைத் தாக்கும் கிருமிக்குக் கல்லீரலில் என்ன வேலை என்று கேட்பீர்கள். இந்தக் கிருமி செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் ஏ.சி.இ.-2 என்னும் புரதம், கல்லீரலில் பித்தக் குழாய்களின் உட்சுவர்ச் செல்களில் அதிகமாகவும், கல்லீரல் செல்களில் மிகக் குறைவாகவும் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான நோயாளிகளிடம் பித்தக் குழாய் அடிபட்டதைக் காட்டும் அளவுகள் அவ்வளவாக உயர்வதில்லை. எனவே கிருமியின் நேரடித் தாக்குதலைவிட, கிருமியை எதிர்த்து உடல் எழுப்பும் கடுமையான அழற்சி, இரத்தத்தில் பிராணவாயு குறைவது, சாப்பிடும் மருந்துகள் ஆகிய மூன்றுமே முக்கியக் காரணங்கள் என்று கருதுகிறோம். கல்லீரலுக்கு வரும் இரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு, குடல் முதலிய உறுப்புகளுக்குப் பிராணவாயுவைக் கொடுத்துவிட்டு வருகிற இரத்தம் என்பதால், மூச்சுத் திணறல் முற்றினால் அந்த உறுப்பு விரைவில் வாடிவிடும். எஸ்.ஜி.ஓ.டி. தசைகளிலும் உண்டு என்பதால், உடம்புவலியோடு வரும் காய்ச்சலில் அது கொஞ்சம் கூடுதலாகவே தெரியலாம்.

உங்கள் கணவருக்கு மூச்சுத் திணறல் வரவில்லை. அதனால்தான் மாத்திரை அட்டைகளைக் கூர்ந்து பார்த்தேன். ஓர் அட்டையில் பாராசிட்டமால் 650 மில்லிகிராம். அதை நான்கு வேளை சாப்பிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இன்னோர் அட்டை சளி மாத்திரை; அது மூன்று வேளை. அந்தச் சளி மாத்திரையின் பின்புறம் பொடி எழுத்தில் பாராசிட்டமால் 500 மில்லிகிராம் என்று இருக்கிறது. கூட்டிப் பாருங்கள்: 2600-உம் 1500-உம் சேர்ந்து ஒரு நாளைக்கு 4100 மில்லிகிராம். நல்ல ஆரோக்கியம் உள்ள பெரியவர்களுக்கே 24 மணி நேரத்தில் 4000-தான் உச்ச வரம்பு. காய்ச்சலில் கஞ்சிகூட இறங்காமல் கிடந்தவருக்கு, இந்த மருந்தின் நச்சுக் கூறை முறிக்கும் குளுட்டாதயோன் என்னும் பொருளும் கல்லீரலில் குறைந்திருக்கும். பாராசிட்டமால் நல்ல மருந்துதான்; அளவோடு கொடுத்தால் காய்ச்சலுக்கு அதைவிடப் பாதுகாப்பானது குறைவு. இரண்டு பெயர்களில் ஒரே மருந்து உள்ளே போவதுதான் ஆபத்து. நம் பக்கத்தில், விவரம் சொல்லி மருந்துக் கடையிலேயே மாத்திரை வாங்கிக்கொள்ளும் ஒவ்வொருவரும் இதைக் கவனிக்க வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

நான்கு முதல் ஆறு வாரம் கழித்து மீண்டும் ஒரு முறை கல்லீரல் பரிசோதனை செய்யுங்கள். அப்போதும் இறங்கவில்லை என்றால் கொரோனாவைக் குறை சொல்லிக்கொண்டிராமல், ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனை, சர்க்கரை, கொழுப்பு, வயிற்று ஸ்கேன் ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். குடிப்பழக்கம் இல்லாதவர்களுக்கும் கல்லீரலில் கொழுப்பு படிவது இன்று மிகச் சாதாரணம். நாள் முழுதும் உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கு அது இன்னும் எளிதாக வரும். பல வருடங்களாக இருந்த ஒன்று, காய்ச்சலுக்கு எடுத்த பரிசோதனையில் முதன்முதலாகத் தெரியவந்திருக்கலாம்.

கேள்வி: என் அப்பாவுக்குக் கல்லீரல் சுருக்கம் இருக்கிறது. இரண்டு முறை வயிற்றில் நீர் கோத்து எடுத்திருக்கிறார்கள். அவருக்குக் கொரோனா வந்தால் தாங்குவாரா?
- வாசகர், ஆம்பூர்

பதில்: தம்பி, உங்கள் அப்பாவைப் போன்றவர்களை நினைத்துத்தான் நான் உண்மையிலேயே கவலைப்படுகிறேன். தொற்றின் தொடக்க காலத்தில் 29 நாடுகளிலிருந்து நாட்பட்ட கல்லீரல் நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி 2021-இல் வெளியிட்ட ஆய்வில், கொரோனா வந்தவர்களுள் கல்லீரல் சுருக்கம் இல்லாதவர்களில் 8 சதவீதம் பேரும், சுருக்கம் உள்ளவர்களில் 32 சதவீதம் பேரும் இறந்திருந்தனர். அது தடுப்பூசிக்கு முந்தைய நிலைமை; இன்றைக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை அது காட்டுகிறது.

கொரோனா தடுப்பூசி, ஃப்ளூ தடுப்பூசி இரண்டையும் பற்றி அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள். காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. புரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் அவருக்குக் கூடவே கூடாது. சிறுநீரகத்தையும் சேர்த்துக் கெடுத்துவிடும். வழக்கமான மருந்துகளை நீங்களாக நிறுத்த வேண்டாம். குழப்பமான பேச்சு, பகலில் ஓயாத தூக்கம், கருப்பாக மலம், வயிறு மீண்டும் உப்புவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திராமல், வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கோ சி.எம்.சி. மருத்துவமனைக்கோ அந்த இரவே அழைத்துப் போங்கள்.

கேள்வி: கொரோனா காலத்தில் ஆரம்பித்த சீந்தில் பொடியை இன்னும் தினமும் சாப்பிடுகிறேன். இரண்டு வாரமாக அரிப்பும், சிறுநீர் மஞ்சளாகவும் இருக்கிறது. கீழாநெல்லி அரைத்துக் குடித்தால் போதுமா?
- வாசகி, ஆற்காடு

பதில்: போதாது, அம்மா. சீந்தில் பொடியை இன்றே நிறுத்துங்கள். அதைத் தொடர்ந்து சாப்பிட்டுவந்த சிலருக்குக் கல்லீரல் அழற்சி ஏற்பட்டதை மும்பை மருத்துவர்கள் 2021-இல் பதிவு செய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் அந்த முடிவை மறுத்தது. ஆனாலும் பிற்பாடு பல மருத்துவமனைகள் சேர்ந்து செய்த ஆய்விலும் இத்தகைய பாதிப்புகள் பதிவாகியிருக்கின்றன. குறிப்பாக, தைராய்டு போன்ற உறுப்புகளைத் தன் எதிர்ப்புச் சக்தியே தாக்கும் நோய் உள்ளவர்களுக்கு இந்த அபாயம் கூடுதல். கபசுரக் குடிநீரிலும் சீந்தில் தண்டு சேர்கிறது என்பதால் அதையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். அரிப்புக்கும் மஞ்சள் சிறுநீருக்கும் பித்தப்பைக் கல், வைரஸ் காமாலை என்று வேறு காரணங்களும் உண்டு. கீழாநெல்லி குடித்துக்கொண்டிருந்தால் அவையும் தெரியாமல் நாள் கடந்துவிடும். நாளைக் காலை, காமாலையின் அளவைக் காட்டும் பிலிருபின் உட்பட முழுக் கல்லீரல் பரிசோதனைக்கு இரத்தம் கொடுங்கள். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்தப் பொடி டப்பாவையும் பையில் எடுத்துச் செல்லுங்கள்.