கேள்வி - பதில்: ஒரே வீட்டில் விசுவாசியும் நாத்திகரும்

எங்களுடையது கத்தோலிக்கக் குடும்பம். மகள் விரும்பும் பையன் இந்துக் குடும்பத்தில் பிறந்தவர், கடவுள் நம்பிக்கை இல்லாதவர். ஞானஸ்நானம் எடுக்காமல் கோயிலில் (தேவாலயத்தில்) கலியாணம் நடக்காது என்கிறார்கள் உறவினர்கள். அவரோ சுயமரியாதைத் திருமணம் போதும் என்கிறார். பேச்சே நின்றுவிட்டது.
- வாசகி, நாகர்கோவில்

இரண்டு தரப்பும் தவறான தகவலை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள், அம்மா.

முதலில் ஞானஸ்நானம். மாப்பிள்ளை அதை எடுத்தே ஆக வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் சொல்லவில்லை. ஞானஸ்நானம் பெறாதவரைக் கத்தோலிக்கர் மணக்க 1086ஆம் விதியில் தடை உண்டு. ஆனால் ஆயர் அந்தத் தடையிலிருந்து விலக்கு தரலாம். பங்குத்தந்தை வழியாக விண்ணப்பிக்க வேண்டும். 1125ஆம் விதி கேட்கும் வாக்குறுதி உங்கள் மகளுக்கு மட்டும்தான்: தன் விசுவாசத்தைக் காத்துக்கொள்வேன், பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்து வளர்க்க என்னால் ஆனதைச் செய்வேன் என்று. மாப்பிள்ளைக்கு அதைத் தெரிவித்தால் போதும், அவர் எந்த வாக்குறுதியும் தர வேண்டியதில்லை. ‘நீயும் கையெழுத்துப் போடு’ என்று யாரோ நீட்டும் காகிதத்தில்தான் பல வீடுகளில் சம்பந்தம் முறிகிறது. கலியாணத்துக்காகப் பேருக்கு எடுக்கும் ஞானஸ்நானமும் வேண்டாம். வயது வந்தவர் தானே விரும்பி, விசுவாசத்தைக் கற்றுத் தெளிந்த பிறகே பெற வேண்டும் என்பது திருச்சபையின் விதி. நம்பாதவரை வற்புறுத்திப் பீடத்தின் முன் நிறுத்துவது அவருக்கும் அவமானம், அந்த அருட்சாதனத்துக்கும் அவமானம்.

அடுத்தது சுயமரியாதைத் திருமணம். இந்துத் திருமணச் சட்டத்தில் 1967ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 7ஏ பிரிவு, மணமக்கள் இருவரும் அந்தச் சட்டப்படி இந்துக்களாக இருந்தால்தான் செல்லும். உங்கள் மகள் கிறிஸ்தவர். மாலை மாற்றி, மேடையில் தலைவர்கள் வாழ்த்தினாலும் சட்டப்படி அது திருமணம் ஆகாது. பின்னால் சொத்து, பாஸ்போர்ட், ஓய்வூதியம் என்று வரும்போதுதான் இந்தக் குறை தலைதூக்கும்.

செல்லும் வழிகள் இரண்டு. ஒன்று கோயில் திருமணம். 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் ஒருவர் மட்டும் கிறிஸ்தவராக இருந்தாலும் பொருந்தும். மற்றொன்று 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம். இருவரில் ஒருவராவது 30 நாளாக வசிக்கும் மாவட்டத்தின் திருமண அலுவலரிடம் அறிவிப்புக் கொடுங்கள். அலுவலகத்தில் ஒட்டி 30 நாள் காத்திருப்பார்கள். வயது, ஏற்கெனவே உள்ள திருமணம், மனநிலை, தடுக்கப்பட்ட உறவுமுறை இவற்றைக் காட்டித்தான் ஆட்சேபிக்க முடியும். ‘மதம் வேறு’ என்று யாரும் தடுக்க முடியாது. பிறகு மூன்று சாட்சிகளோடு போய் மணம் முடிக்கலாம். அறிவிப்புக் கொடுத்து மூன்று மாதம் தாண்டினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பதிவு அலுவலகத்தில் மட்டும் மணந்தால் திருச்சபை ஏற்காது, மகள் நற்கருணை வாங்க முடியாது என்பதுதான் உங்கள் கவலையாக இருக்கும். இதற்கும் வழி இருக்கிறது. தக்க காரணம் இருந்தால், கோயில் சடங்குமுறை இல்லாமலே மணக்கவும் ஆயர் விலக்குத் தரலாம் (ஆங்கிலத்தில் dispensation from canonical form). இரண்டு விலக்குகளையும் முன்கூட்டியே வாங்கிவிட்டால் பதிவுத் திருமணமே திருச்சபைக்கும் திருமணம்தான். பங்குத்தந்தையிடம் இதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்; கேட்காதவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

அப்பா நாத்திகர். உடலை மருத்துவக் கல்லூரிக்குத் தரச் சொல்கிறார். அம்மாவும் பெரியப்பாவும் கல்லறைத் தோட்டத்தில்தான் அடக்கம் என்கிறார்கள். அப்பாவின் பேச்சு நிற்குமா?
- வாசகர், திருச்சி

வாய்ப்பேச்சாக விட்டால் நிற்பது கஷ்டம். கேரளத்தில் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் மூத்த தலைவர் எம்.எம். லாரன்ஸ் 2024 செப்டம்பரில் இறந்தபோது இதுதான் நடந்தது. உடலைக் களமசேரி மருத்துவக் கல்லூரிக்குத் தர மகன் முன்வந்தார். கிறிஸ்தவ அடக்கம்தான் வேண்டும் என்று மகள் தடுத்தார். அஞ்சலிக் கூடத்திலேயே தள்ளுமுள்ளு. வழக்கு கேரள உயர் நீதிமன்றம் போனது. கல்லூரிக்குக் கொடுத்தது செல்லும் என்றது தீர்ப்பு. அதுவரை உடல் குளிர்பெட்டியில் காத்துக் கிடந்தது.

அப்பா திடமாக இருக்கும்போதே அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் படிவம் வாங்கி, அவர் கையால் கையெழுத்திட்டு, இரண்டு சாட்சிகளை வையுங்கள். முடிந்தால் ஒரு சாட்சி அம்மாவாகவே இருக்கட்டும். இறந்த பிறகு உடலை ஒப்படைக்கப் போவது குடும்பம்தான். நெருங்கிய உறவினர் மறுத்தால் கல்லூரி வம்பில் இறங்காது. மருத்துவரின் இறப்புச் சான்று, அடையாள அட்டை இரண்டும் தேவை. பிரேதப் பரிசோதனை செய்த உடலையும், சில தொற்றுநோய்கள் இருந்த உடலையும் வாங்க மாட்டார்கள். அப்படி நேர்ந்தால் என்ன செய்வது என்பதையும் அப்பா அதே தாளில் எழுதிவைக்கட்டும். கண்களை 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். அதற்குத் தனியாகக் கண் வங்கியைக் கூப்பிடுங்கள்.

அம்மாவுக்கும் இடம் கொடுங்கள். கத்தோலிக்கத் திருச்சபை உடல்தானத்தைத் தடுப்பதில்லை. வண்டி வருமுன் வீட்டில் ஜெபம் சொல்லட்டும், பிறகு பூசை வைக்கட்டும். அவர் அழுது ஜெபிப்பதால் அப்பாவின் கொள்கைக்கு ஒரு குறையும் வந்துவிடாது.

எங்கள் ஊர் சிற்றாலயத்தில் சுருபத்திலிருந்து தண்ணீர் கசிகிறது. அற்புதம் என்று கூட்டம். கேலியாக ஃபேஸ்புக்கில் எழுதிய நண்பர் மேல் புகார் கொடுத்திருக்கிறார்கள்.
- வாசகர், மதுரை

2012இல் மும்பை வில்லே பார்லேயில் உள்ள வேளாங்கண்ணி மாதா ஆலயத்தில் சிலுவையில் அறைந்த இயேசுவின் பாதத்திலிருந்து நீர் சொட்டியது. பக்தர்கள் பிடித்துக் குடித்தார்கள். பகுத்தறிவாளர் சனல் எடமருகு போய்ப் பார்த்தார். பக்கத்துக் கழிவறையின் சாக்கடை அடைத்துக்கொண்டு, அந்த ஈரம் நுண்புழை ஏற்றத்தால் (மெல்லிய துளைகள் நீரை மேலே உறிஞ்சுவதால்) சுவர் வழியே ஏறிச் சிலுவைக்கு வந்திருந்தது. அதாவது மக்கள் குடித்தது கழிவுநீர். அந்த ஒரு செய்தியே போதுமானது, அவசரமானதும்கூட. ஆனால் தொலைக்காட்சி விவாதம், திருச்சபையே அற்புத வியாபாரம் செய்கிறது என்ற குற்றச்சாட்டுக்குத் தாவியது. மதத்தை இழிவுபடுத்துவது குற்றம் என்னும் இந்தியத் தண்டனைச் சட்டம் 295ஏ பிரிவில் அவர்மேல் புகார்கள் குவிந்தன. அவர் பின்லாந்துக்குப் போனார். அவரைக் குற்றவாளியாக்கியது அநியாயம் என்பதே எங்கள் கருத்து.

அந்தப் பிரிவு இன்று, பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 299. மூன்று ஆண்டு வரை சிறை. ஆனால் வேண்டுமென்றே, வன்மத்தோடு மதத்தை இழிவுபடுத்தியதாகக் காட்ட வேண்டும். அரசின் முன் அனுமதி இல்லாமல் நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள முடியாது. நண்பர் பதிவை அவசரமாக நீக்காமல் முதலில் வழக்கறிஞரைப் பார்க்கட்டும். பங்குப் பேரவைக்கும் ஒரு வேண்டுகோள்: இன்றே ஒரு பிளம்பரை அழைத்துச் சுவரின் பின்பக்கக் குழாயை 24 மணி நேரம் மூடிப் பாருங்கள். அதுவரை யாரும் அந்த நீரைக் குடிக்க வேண்டாம்.

கோர்ட்டில் சாட்சி சொல்லப் போகிறேன். பெயரைப் பார்த்து பைபிளை நீட்டுவார்களா? எனக்கு நம்பிக்கை இல்லை.
- வாசகர், கோவை

1969ஆம் ஆண்டுப் பிரமாணச் சட்டப்படி, கடவுள் பெயரால் சத்தியம் செய்யலாம், அல்லது உளமார உறுதி கூறலாம். இரண்டுக்கும் மதிப்பு ஒன்றே. பொய் சொன்னால் ஏழு ஆண்டு வரை சிறை என்பதும் இரண்டுக்கும் பொது.

இந்த உரிமையை இங்கிலாந்தில் முதலில் கேட்டு வாங்கியவர்கள் நாத்திகர்கள் அல்லர். ‘சத்தியம் பண்ணவேண்டாம்’ என்ற இயேசுவின் சொல்லை அப்படியே பிடித்துக்கொண்ட குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். நாத்திகரான சார்லஸ் பிராட்லா 1880இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்வாகியும், சத்தியப் பிரமாணச் சிக்கலால் ஆறு ஆண்டு அவையில் நிலையாக உட்கார முடியவில்லை. அவருக்காக 1883இல் மசோதா கொண்டுவந்து வாதாடிய பிரதமர் கிளாட்ஸ்டன் ஆழ்ந்த கிறிஸ்தவர். மூன்றே வாக்கில் தோற்றார். பிராட்லாவே 1888இல் சட்டத்தை நிறைவேற்றினார்.

கூண்டில் ஏறுமுன் பெஞ்ச் கிளார்க்கிடம் ‘உறுதிமொழி’ என்று சொல்லிவிடுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை.