அதிர்ஷ்டம்னு சொல்லிட்டா வேலை முடிஞ்சுதா சார்?

கேள்வி: போன இதழ்ல ஈஸ்ட் பெங்கால்ங்கற கொல்கத்தா ஃபுட்பால் க்ளப் 2003-ல ஜகார்த்தாவுல கப் அடிச்சதைப் பத்தி ரெண்டு பக்கம் போட்டிருந்தீங்க. ஆசியான்ங்கற தென்கிழக்கு ஆசிய நாடுகளோட க்ளப் டோர்னமென்ட்டுக்கு விருந்தாளியா போன ஒரு டீம், ஒரு மேட்ச்ல பிலிப்பைன்ஸ் ஆர்மியை அடிச்சு, இன்னொன்னுல பெனால்டில தப்பிச்சு, ஃபாரின் பிளேயர்ஸை வச்சு அதிர்ஷ்டத்துல ஜெயிச்சிட்டு வந்துச்சு. இதுக்கு இவ்வளவு பில்டப்பா? பெங்கால்காரங்க கொண்டாடிக்கட்டும், நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? அந்த ரெண்டு பக்கத்துல கிரிக்கெட்டாவது போட்டிருக்கலாம்.
(பேர் போட வேண்டாம்னு கேட்டுக்கிட்ட வாசகர், தஞ்சாவூர்)

பதில்: நீங்க எழுதியிருக்கற தகவல்ல பெரிய தப்பு எதுவும் இல்ல சார், அதை வச்சு போட்ட கணக்குதான் தப்பு. விருந்தாளியா போனது நிஜம், இந்தியா ஆசியான்லயே கிடையாது, 2002-03 நேஷனல் லீக் சாம்பியன்ங்கற பேரோட கூப்பிட்டாங்க, போனாங்க. பிலிப்பைன்ஸ் ஆர்மியை 6-0 அடிச்சதும் நிஜம், அந்த ஆறையும் பாய்ச்சுங் பூட்டியா ஒருத்தரே அடிச்சார், அதை வச்சு நாங்க ஒண்ணும் சரித்திரம்னு எழுதல, ஒரு பட்டாளத்து டீம்மேல ஆறு கோல் போட்டா அன்னிக்கு ராத்திரி நல்லா தூக்கம் வரும், அவ்வளவுதான் அதோட மதிப்பு. செமி ஃபைனல் பெனால்டில போச்சுங்கறதும் நிஜம். ஆனா நாக்-அவுட்ல எதிர்ல நின்னது யாரு யாருன்னு ஒரு வரி எழுதியிருக்கலாமே, அதை மட்டும் வசதியா விட்டுட்டீங்க.

க்வார்ட்டர் ஃபைனல்ல பெர்சிட்டா தங்கெராங். தங்கெராங்ங்கறது ஜகார்த்தாவை ஒட்டின ஊரு, அவங்களுக்கு அது கிட்டத்தட்ட சொந்த மைதானம் மாதிரி, டீமும் லேசுப்பட்டது இல்ல, 2002 இந்தோனேசிய லீக்ல ரன்னர்-அப். அவங்களை 2-1. செமி ஃபைனல்ல பெட்ரோகிமியா புத்ரா, அதே 2002 லீக் ஃபைனல்ல இந்த பெர்சிட்டாவை தோக்கடிச்சு பட்டம் வாங்கின டீம். அதாவது இந்தோனேசியாவுக்கே போயி, அவங்க ஜனங்க முன்னாடி, அவங்க நாட்டோட ரெண்டாவது டீமையும் முதல் டீமையும் அடுத்தடுத்து வெளிய அனுப்பியிருக்காங்க. அந்த செமி 1-1ல நின்னு பெனால்டி ஷூட்-அவுட் 7-6னு முடிஞ்சது, ஆளுக்கு அஞ்சு கிக் அடிச்சும் தீராம இழுத்துக்கிட்டே போயிருக்கு, ஈஸ்ட் பெங்கால் கோல்ல சந்தீப் நந்தி. சரி, அந்த சில நிமிஷத்துக்கு மட்டும் அதிர்ஷ்டம்னு பேர் வச்சுக்கோங்க, அதுக்கு நான் சண்டைக்கு வரல.

ஆனா ஃபைனலுக்கு அந்தப் பேச்சு செல்லாது. எதிர்ல பிஇசி டெரோ சாசனா, பாங்காக் டீம். அப்பவே ஆசிய சாம்பியன்ஸ் லீக்ல செமி ஃபைனல் தாண்டி ஃபைனலுக்கு போயிட்டவங்க, அந்த ஃபைனல் அக்டோபர்லதான் நடந்துச்சு, யுஏஇ டீம் அல் ஐன் கிட்ட ரெண்டு மேட்ச் சேர்த்து 2-1ல தோத்தாங்க. மொத்த ஆசியாவுலயும் ரெண்டாவது இடம் வந்த டீம் சார் அது. அந்த லீக்கோட சிறந்த ஆட்டக்காரர்னு பரிசு வாங்கின தெர்ட்சாக் சைமன் அவங்க மிட்ஃபீல்டர்.

இன்னொன்னு, இதுதான் முக்கியம், நீங்க கவனிச்சீங்களான்னு தெரியல. இந்த டெரோ கிட்டதான் ஈஸ்ட் பெங்கால் க்ரூப்ல தோத்துச்சு, 0-1. டோர்னமென்ட்ல தோத்தே ஆரம்பிச்ச டீம், பதினஞ்சு நாள்கூட ஆகறதுக்குள்ள அதே டீமை ஃபைனல்ல 3-1 அடிக்குது. நடுவுல என்ன நடந்துச்சு? கோச் சுபாஷ் பௌமிக் அந்த தோல்வியை உட்கார்ந்து படிச்சார். டெரோவோட ஆட்டம் எல்லாம் சைமன் கால் வழியாத்தான் ஓடுதுன்னு புரிஞ்சுக்கிட்டு, ஃபைனல்ல சஷ்டி துலேன்னு ஒரு மிட்ஃபீல்டரை கூப்பிட்டு உனக்கு பந்து வேலையே வேண்டாம், அந்த ஆள் எங்க போறானோ அங்க நீ போன்னு விட்டுட்டார். பழைய காலத்து மேன் மார்க்கிங்தான், புதுசா ஒண்ணும் கண்டுபிடிக்கல, ஆனா தொண்ணூறு நிமிஷம் ஒரு நல்ல ஆட்டக்காரனோட நிழலா ஓடறதுக்கு காலும் வேணும், நம்மள யாரும் பாராட்ட மாட்டாங்கன்னு தெரிஞ்சும் ஓடற மனசும் வேணும். டிவில பாத்தா அந்த ஆள் ஒண்ணுமே பண்ணாத மாதிரிதான் தெரியும், அதான் அவர் பண்ண வேலை.

கால் எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேளுங்க, அங்கதான் உங்க அதிர்ஷ்டக் கதை மொத்தமா அடிபடுது. அப்ப கொல்கத்தா க்ளப்னா என்ன நிலைமை, மைதானத்து டென்ட்ல காலையில ப்ராக்டிஸ், முடிஞ்சதும் அவனவன் மெஸ்ஸுக்கோ வீட்டுக்கோ போயிடுவான், என்ன சாப்பிடறான் எப்ப தூங்கறான்னு கேக்க நாதி இல்ல. பௌமிக் என்ன பண்ணார், ஜகார்த்தா போறதுக்கு முன்னாடி சொந்த ஊர்லயே டீமை ஒரு ஃபைவ் ஸ்டார் ஹோட்டல்ல தங்கவச்சார். ஃபாரின்லேர்ந்து ஒரு ஃபிசிக்கல் ட்ரெய்னரை கொண்டு வந்தார். ஜிம், நீச்சல் குளம், சாப்பாட்டுக்கு கணக்கு, ரெஸ்ட்டுக்கு கணக்கு. க்ளப்காரங்ககிட்ட மல்லுக்கட்டி வாங்கிக் குடுத்த வசதி இதெல்லாம். சொந்த ஊர்ல வீடு இருக்கறவனை எதுக்கு ஹோட்டல்ல தங்கவைக்கணும்னு கேக்கறவங்களுக்கு, ரெண்டு வாரத்துக்குள்ள அஞ்சு மேட்ச் ஆடி கடைசி மேட்ச்ல ஆசியாவோட ரெண்டாவது டீம் பின்னாடி ஓடிக்கிட்டே இருந்த அந்த காலுங்கதான் பதில்.

பௌமிக் சாதாரண ஆளும் இல்ல. 1970 பாங்காக் ஆசிய விளையாட்டுல வெண்கலம் வாங்கின இந்திய டீம்ல ஆடினவர், அதுக்கப்புறம் ஆசிய விளையாட்டு ஃபுட்பால்ல நமக்கு பதக்கம்னு ஒண்ணு வரவே இல்லங்கறதையும் சேர்த்து நினைச்சுக்கோங்க. கோபக்காரர், வாய் அடங்காது, பிடிவாதம். 2022 ஜனவரில போய் சேர்ந்துட்டார்.

பெர்சிட்டா மேட்ச்ல இன்னொன்னு நடந்துச்சு, அதையும் சொல்லிடறேன், ஏன்னா ஸ்கோர்லைன்ல அது இருக்காது. தேப்ஜித் கோஷ்ங்கற மிட்ஃபீல்டர் மோதி விழுந்து, மைதானத்துலயே உயிருக்கு ஆபத்தாயிடுச்சு. டீம் டாக்டர் ஓடி வந்து காப்பாத்தினார், ஆளை ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனாங்க. கூட ஆடறவன் கண்ணு முன்னாடி அப்படி கிடக்கறதை பாத்துட்டு மிச்ச ஆட்டத்தை ஆடி ஜெயிச்சவங்களை, தப்பிச்சு வந்தவங்கன்னு எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சோ.

ஃபைனல் ஜூலை 26. முதல் பாதில மைக் ஒகோரோ ஒண்ணு, ரெண்டாவது பாதி தொடங்கின சூட்டோட பூட்டியா ஒண்ணு, டெரோ ஒண்ணு திருப்பிப் போட்டு ஆஹா இனிமே என்ன ஆகுமோன்னு இருக்கறப்ப அல்விட்டோ டி'குன்ஹா மூணாவதை போட்டு கதவை சாத்திட்டார். 3-1. பந்து போஸ்ட்ல பட்டு தப்பிச்சு 1-0ல ஜெயிச்சா வாயை மூடிக்கிட்டு உங்ககூட சேர்ந்துடுவேன்.

ஃபாரின் பிளேயர்ஸ்னு ஒரு குத்து குத்தியிருக்கீங்க. ஆமா, இருந்தாங்க, கானாவோட சுலே மூசா, நைஜீரியாவோட ஒகோரோ, பிரேசிலோட டக்ளஸ். எந்த க்ளப்லதான் இல்ல, ஐரோப்பாவுல கப் தூக்கற டீமெல்லாம் பக்கத்து தெரு பசங்களை வச்சா ஆடறாங்க? அஞ்சு மேட்ச்ல ஈஸ்ட் பெங்கால் போட்டது மொத்தம் 12 கோல், அதுல 9 பூட்டியாவோடது. ஆர்மிமேல அடிச்ச ஆறை நீங்க கழிச்சுக்கோங்க, தாராளமா கழிங்க, மீதி மூணும் நாக்-அவுட்ல வந்தது. அந்த ஆளும் ஏதோ உச்சத்துல இருந்துட்டு அப்படியே வரல, இங்கிலாந்துல பரி க்ளப்ல ஆடிட்டு திரும்பி வந்து, மோகன் பகான்ல ஒரு சீசனை பெரும்பாலும் காயத்தோடயே ஓட்டினவர். சிக்கிம்காரர். அல்விட்டோ கோவா. ஃபைனல்ல கோலடிச்ச மூணு பேர்ல ரெண்டு பேர் நம்ம ஆளுங்க சார்.

நமக்கு என்ன சம்பந்தம்னு கேட்டீங்க பாருங்க, வேற எந்த ஊர்லேர்ந்து வந்திருந்தாலும் இந்தக் கேள்வியை சிரிச்சுட்டு விட்டிருப்பேன். உங்க கவர்ல தஞ்சாவூர் முத்திரை இருக்கு. காலியா குலோத்துங்கன்னு ஒருத்தர், மிட்ஃபீல்டர், அந்த ஜகார்த்தா கப் ஜெயிச்ச ஸ்குவாட்ல இருந்தவர், உங்க தஞ்சாவூர்க்காரர். கொல்கத்தாவுல லட்சக்கணக்குல ரசிகர்கள் இருக்கற க்ளப்போட ஜெர்சி போட்டவர். 2018 அக்டோபர்ல பைக் ஆக்சிடென்ட்ல உங்க ஊர்ப் பக்கத்துலயே செத்துப் போனார். அந்த சேதி வந்தப்ப கொல்கத்தா பேப்பர்ல அவரை ஆசியான் கப் ஹீரோக்கள்ல ஒருத்தர்னு போட்டாங்க, இங்க எத்தனை பேருக்கு அது யாருன்னு தெரிஞ்சுதுன்னு நீங்களே சொல்லுங்க. பெங்கால்காரங்க கொண்டாடிக்கட்டும்னு விட்டதோட பலன் அதான்.

கிரிக்கெட் போட்டிருக்கலாம்னு சொன்னதுக்கும் வர்றேன். 1983-ஐ எடுத்துக்குவோம். அதுவும் யாரும் எதிர்பார்க்காத டீம்தான், அதே வருஷ கடைசியில வெஸ்ட் இண்டீஸ் இங்க வந்து ஒன்-டே சீரிஸ்ல 5-0ன்னு நம்மளை வெளுத்துட்டுப் போனாங்க. அப்ப 83-ம் அதிர்ஷ்டம்தானே? உங்க வீட்டுலயே அப்படி சொல்லிப் பாருங்க, சோறு கிடைக்குதான்னு பாப்போம். ரெண்டுக்கும் வித்தியாசம் ஜெயிச்ச விதத்துல இல்ல, ஜெயிச்சதுக்கு அப்புறம் நடந்ததுல இருக்கு. கிரிக்கெட்காரங்க அந்த ஒரு கப்பை வச்சு நாலே வருஷத்துல உலகக் கோப்பையையே இங்க கொண்டு வந்து 1987-ல நடத்திட்டாங்க. ஃபுட்பால்ல என்ன பண்ணோம்? ஏர்போர்ட்ல மாலை போட்டோம், கூட்டம் கூடிச்சு, ஊர்வலம் போச்சு, முடிஞ்சுது. பௌமிக் பண்ண மாதிரி சாப்பாடு, தூக்கம், ட்ரெய்னர், எதிராளியை படிக்கறது, இதையெல்லாம் எல்லா க்ளப்புக்கும் கட்டாயமாக்கணும்னு அன்னிக்கு யாருக்கும் தோணல. அது ஏதோ ஒரு கிறுக்கு கோச்சோட தனி விருப்பம்னு விட்டுட்டாங்க.

ஈஸ்ட் பெங்கால் அடுத்த சீசன் 2003-04லயும் நேஷனல் லீக் ஜெயிச்சுது, அப்புறம் வருஷக்கணக்கா ரெண்டாவது வர்றதே வேலையா போச்சு. அந்த ஆசியான் டோர்னமென்ட்டும் 2005-ல இன்னொரு தடவை நடந்து, சிங்கப்பூர் டாம்பைன்ஸ் ரோவர்ஸ் ஜெயிச்சு, அதோட படுத்துடுச்சு, 2024-லதான் மறுபடி எழுப்பினாங்க. ஆசிய அளவுல பாத்தா ஏஎஃப்சி கப்ல 2008-ல கோவா க்ளப் டெம்போ செமி ஃபைனல், 2013-ல இதே ஈஸ்ட் பெங்கால் செமி ஃபைனல்ல குவைத் எஸ்சி கிட்ட ரெண்டு மேட்ச்லயும் அடி, 2016-ல பெங்களூரு எஃப்சி தோஹாவுல ஃபைனல் வரைக்கும் போயி ஈராக் ஏர் ஃபோர்ஸ் டீம் கிட்ட 0-1. கப்பை தூக்கினது யாரும் இல்ல.

அதனால நீங்க கேக்க வேண்டியது ஏன் இதுக்கு ரெண்டு பக்கம்னு இல்ல, இத்தனை வருஷம் கழிச்சும் ஏன் இதையே தூசி தட்டி எடுத்து எழுத வேண்டியிருக்கு, புதுசா ஒண்ணு ஏன் இல்லன்னு கேட்டிருந்தீங்கன்னா எங்ககிட்ட பதில் இருந்திருக்காது. அப்புறம் அடுத்த இதழ்ல கிரிக்கெட் ஆறு பக்கம் வருது சார், கவலைப்படாதீங்க.