தாளில் அழகு, செய்தால் ஏன் கட்டை? நகை வடிவமைப்பு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் வரையும் பதக்கங்கள் தாளில் நளினமாக இருக்கின்றன. வெள்ளியில் செய்து முடித்ததும் கனமாக, அடைத்துக்கொண்டது போலத் தெரிகின்றன. வரைவதில் தவறா, செய்வதில் தவறா?

பெரும்பாலும் வரைவதில்தான். கைக்கு வசதி என்று நகையை நான்கு மடங்கு பெரிதாக வரைவீர்கள். அதில் 2 மி.மீ. விட்ட இடைவெளி நிஜத்தில் அரை மி.மீ. ஆகிவிடும். அதற்குள் அரம் நுழையாது, மெருகும் ஏறாது. பற்றவைக்கும்போது உருகிய பொடி (துண்டுகளை இணைக்கும், எளிதில் உருகும் உலோகக் கலவை) ஓடிவந்து அந்த இடைவெளியையே அடைத்துவிடும்.

முதல் கிறுக்கல்கள் எந்த அளவிலும் இருக்கலாம். ஆனால் தேர்ந்தெடுத்த ஒன்றை நிஜ அளவில் முன், மேல், பக்கம் என மூன்று கோணங்களில் வரையுங்கள். பலர் பக்கத் தோற்றத்தை விட்டுவிடுகிறார்கள். தடிமன், வளைவு, கல்லின் உயரம், உடம்பைத் தொடும் இடம் எல்லாம் தெரிவது அங்கேதான். கோட்டுக்குத் தடிமன் இல்லை, தகட்டுக்கு உண்டு. 1.5 மி.மீ. தகட்டின் விளிம்பைப் பின்பக்கமாகச் சாய்த்து அராவினால் முன்னால் இருந்து பார்ப்பவருக்கு அது மெல்லியதாகவே தெரியும், உறுதியும் குறையாது.

பிறகு கெட்டி அட்டையில் வெட்டி, நூலில் கோத்துக் கழுத்தில் மாட்டி, கண்ணாடியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். பிம்பம் இரண்டு மீட்டர் தூரத்தில் தெரியும்; மற்றவர்கள் பார்க்கும் தூரம் அதுதான். சரியாக இருந்தால் அதே தடிமனுள்ள செம்புத் தகட்டில் ஒரு மாதிரி செய்யுங்கள். எது வளையாது, எது நடுங்குகிறது, எங்கே ரம்பம் திரும்பாது என்பதெல்லாம் செம்பிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: செம்பு மாதிரியை வைத்து இறுதி எடையைக் கணிக்க முடியுமா?

முடியும். அளவு அப்படியே இருந்தால் அடர்த்தி விகிதம் போதும். செம்பின் எடையை 1.16 ஆல் பெருக்கினால் 92.5 சதவீத வெள்ளியின் எடை. 18 காரட் மஞ்சள் தங்கத்துக்கு ஏறத்தாழ 1.7, 22 காரட்டுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு.

வார்ப்பதற்காக மெழுகில் செதுக்கினால், மெழுகின் எடையை வெள்ளிக்குச் சுமார் 10.5, 18 காரட்டுக்குச் சுமார் 15.5 என்று பெருக்குங்கள். வார்ப்புக்காக ஒட்டும் மெழுகுத் தண்டு இதில் சேராது. கையில் காற்றுபோல இருக்கும் 0.6 கிராம் மெழுகுத் தோடு, 18 காரட்டில் 9 கிராமைத் தாண்டும். காதில் தொங்கிக் கவிழ்ந்துவிடும். அப்படியானால் வார்ப்பதற்கு முன்பே பின்பக்கத்தைக் குடைந்து, சுவரை 0.8 முதல் 1 மி.மீ. வரை விடுங்கள்.

கேள்வி: மோதிரப் பட்டை ஒவ்வொரு முறையும் சிறிதாகிவிடுகிறது.

உள்விட்டத்தை மட்டும் 3.14 ஆல் பெருக்கியிருப்பீர்கள். தகட்டின் தடிமனையும் கூட்ட வேண்டும். உள்விட்டம் 17, தடிமன் 1.5 என்றால் 18.5 × 3.14 = 58.1 மி.மீ. நீங்கள் வெட்டியது 53.4 ஆக இருக்கும். வட்டக் கல்லைச் சுற்றிப் பிடிக்கும் தகட்டு வளையத்துக்கும் இதே கணக்குதான்: 10 மி.மீ. கல், 0.4 மி.மீ. தகடு, நீளம் 32.7. பட்டை அகலமானால் விரலில் இறுக்கமாக உணரும். கொஞ்சம் தளர்வாகவே வையுங்கள்.

கேள்வி: உடையில் குத்திக்கொள்ளும் புரூச் முன்பக்கமாகக் கவிழ்கிறது. ஊசியை நடுவில்தான் வைத்தேன்.

நடுவில் வைத்ததுதான் காரணம். எடையின் மையம் ஊசிக்குக் கீழே இருந்தால்தான் நகை உடையோடு ஒட்டி நிற்கும். உயரத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கில் ஊசியை வையுங்கள். கொக்கியின் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும். நகையின் எடையே ஊசியைக் கொக்கிக்குள் அழுத்தி வைத்திருக்கும். கீலும் கொக்கியும் எங்கே வரும் என்பதை முன்பக்கம் வரையும் நாளிலேயே குறித்துவிடுங்கள். கடைசியில் யோசித்தால் இடமே இருக்காது.

கேள்வி: பற்றவைக்கும் வரிசையை எப்போது முடிவு செய்வது?

தாளிலேயே. முடிந்த நகையிலிருந்து பின்னோக்கி எழுதுங்கள்: கல் பதிப்பது, மெருகு, மெல்லிய கம்பிகள், அடித்தளம். அதைத் தலைகீழாகப் படித்தால் வேலை வரிசை கிடைத்துவிடும். அதிக வெப்பத்தில் உருகும் பொடி முதல் இணைப்புக்கு, எளிதில் உருகுவது கடைசிக்கு. மாற்றினால் புது இணைப்பைச் சூடாக்கும்போது பழையது கழன்று விழும். (பொடி வைத்துப் பேசுகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.)

முத்து, ஓபல், டர்க்காய்ஸ் போன்றவை தீயையும், பற்றவைத்த பின் கறை நீக்கும் அமிலத்தையும் தாங்காது. அவற்றைப் பதித்த பிறகு அந்த நகையில் எதையும் பற்றவைக்கக் கூடாது. இன்னொன்று: உள்ளே வெற்றிடமுள்ள குண்டு, பெட்டி வடிவங்களில் துளை கட்டாயம். மூடிய காற்று சூட்டில் விரிந்து இணைப்பைப் பிளந்துவிடும், சில நேரம் வெடிக்கவும் செய்யும். இரண்டு துளை இருந்தால் உள்ளே போன அமிலத்தையும் கழுவி வெளியேற்றலாம். அந்தத் துளைகளை அலங்காரத்தோடு சேர்த்து வரைந்துகொண்டால் ஓட்டையாகத் தெரியாது.

கேள்வி: கணினியில் வரைந்தால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லையே?

திரையில் எல்லாமே பெரிது. முதல் கேள்வியின் தொல்லை அங்கே இரட்டிப்பு. கல்லைப் பிடிக்கும் 0.3 மி.மீ. நகம்கூடத் திரையில் தூணாகத் தெரியும், மெருகு போடும்போது காணாமல் போகும். நிஜ அளவில் ஒரு தாளில் அச்சிட்டுப் பாருங்கள். அராவுவதிலும் மெருகிலும் தேய்வதற்காகப் பரப்பில் 0.1, 0.2 மி.மீ. கூடுதலாகவே விடுங்கள்.