கணினி கேள்வி பதில்: வீட்டுக்கு எந்த பிரவுசர்?

கேள்வி: வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப். அதில் எட்ஜ் இருக்கிறது. மகன் குரோம் போடச் சொல்கிறான். தம்பி ஃபயர்ஃபாக்ஸ்தான் நல்லது என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?
– ஒரு வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: தம்பி சொல்வதைக் கேளுங்கள், சகோதரி.

நீங்கள் சொன்ன பெயர்கள் மூன்று. உள்ளே இருப்பவை இரண்டுதான். 2020 ஜனவரி முதல் எட்ஜும் குரோமுக்கு அடிப்படையான குரோமியம் என்ற மென்பொருளின் மேல்தான் நிற்கிறது. ஓபரா, பிரேவ் எல்லாம் அப்படியே. ஒரே மாவில் ஊற்றிய இட்லியும் தோசையும். ஃபயர்ஃபாக்ஸ் மட்டும் கெக்கோ என்ற சொந்த எஞ்சினில், அதாவது பக்கங்களைத் திரையில் காட்டும் உள் மென்பொருளில், ஓடுகிறது.

மஞ்சக்குப்பத்தில் நான் பிரவுசிங் சென்டர் நடத்திய காலம். 2005 கோடை. ஆறு கணினிகளில் ஐந்தில் ஃபயர்ஃபாக்ஸ் போட்டிருந்தேன். தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு பெண், கல்லூரி விண்ணப்பம் நிரப்ப அப்பாவோடு வந்தாள். அரை மணி நேரம் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி முடித்து, கடைசிப் பொத்தானை அழுத்தினாள். அசையவில்லை. மறுபடி அழுத்தினாள். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது: இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6-இல் மட்டுமே இயங்கும். எக்ஸ்புளோரர் இருந்த ஆறாவது கணினிக்கு ஏற்கெனவே மூன்று பேர் காத்திருந்தார்கள். அந்த அப்பா மதிப்பெண் பட்டியலைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

மைக்ரோசாஃப்டின் பிரவுசரான அந்த எக்ஸ்புளோரர் 6 வந்தது 2001-இல். அடுத்த பதிப்பு 2006-இல்தான். போட்டி இல்லாததால் ஐந்து வருடம் அவசரமே இல்லை. 2004 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் வந்து, ஒரே ஜன்னலில் பல டேப்களைத் திறக்கலாம் என்று ஊருக்கெல்லாம் பழக்கிய பிறகுதான் மைக்ரோசாஃப்ட்காரர்கள் அசைந்தார்கள். இன்று குரோமில் மட்டும் சோதித்துப் பார்த்துவிட்டுத் தளத்தை வெளியிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பழைய வழக்கம் திரும்புவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை.

உங்கள் லேப்டாப்புக்கு வருகிறேன். 4 ஜிபியில் இருபது டேப் திறந்தால் எந்த பிரவுசரும் திணறும், ஐந்தாறோடு நிறுத்துங்கள். ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் என்ற, விளம்பரத்தைத் தடுக்கும் இலவச நீட்சியை (எக்ஸ்டென்ஷன்) சேருங்கள். விளம்பரங்கள் இறங்காததால் சுமை குறையும். குரோமில் இப்போது அதன் சுருக்கப் பதிப்புதான் ஓடும். எட்ஜில் சேர்த்த புக்மார்க்குகளை ஃபயர்ஃபாக்ஸுக்கு அப்படியே கொண்டுவரலாம். எட்ஜை நீக்க வேண்டாம். ஏதாவது அலுவலகத் தளம் முரண்டு பிடித்தால் அதில் திறந்து வேலையை முடியுங்கள். முடித்த கையோடு, ஃபயர்ஃபாக்ஸில் திறக்கவில்லை என்று அந்தத் தளத்துக்கு இரண்டு வரி எழுதிப் போடுங்கள்.

கேள்வி: பிரைவேட் விண்டோவில் பார்த்தால் யாருக்கும் தெரியாது என்கிறார்களே?
– ஒரு வாசகர், பண்ருட்டி

பதில்: அந்தக் கணினியின் ஹிஸ்டரியில் பதியாது, அவ்வளவே. எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பதை இணைய இணைப்பு தரும் நிறுவனமும் அலுவலக நெட்வொர்க்கைக் கவனிப்பவரும் பார்க்க முடியும். இறக்கிய கோப்பும் கணினியிலேயே கிடக்கும். ஜெராக்ஸ் கடையில் ஆதாரை இறக்கி அச்செடுத்தால், டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இருப்பதை உங்கள் கையாலேயே அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டு எழுந்திருங்கள்.